ரோல்ல 36 எடுத்தோம், ஆல்பம் நிறைஞ்சது. போன்ல 800 எடுத்தும் ஒண்ணும் தேறலையே? – நேயர் சந்தேகமும் விளக்கமும்

வணக்கம்ங்க. இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணை மட்டும்தான் எடுத்துக்கப் போறேன். ஒரு அம்மா எழுதியிருக்காங்க. சுருக்கமா படிக்கிறேன்: "முன்னாடி ஒரு ரோல் போட்டா 36 படம் வரும். கழுவி பிரிண்ட் போட்டு வாங்கினா முப்பது படமாவது ஆல்பத்துக்குப் போயிடும். இப்போ பேத்தி காதுகுத்துக்கு வீட்டுல எல்லாரும் சேர்ந்து போன்ல 800 படம் எடுத்தாங்க. ஃபிரேம் போடுற மாதிரி ஒண்ணு கூட அமையல. டிஜிட்டல்னாலே தரம் குறைச்சலா? பழையபடி ஃபிலிம் கேமராவுக்கே போயிடலாமா?"

ரொம்ப நல்ல கேள்விம்மா. முதல்ல தரத்தைப் பத்தி ஒரே வரியில சொல்லிடுறேன். இன்னைக்கு இருக்கிற சாதாரண போன் கூட, நாம வீட்டுல வெச்சிருந்த சின்ன ஃபிலிம் கேமராவை விட அதிக விவரத்தைப் பதிவு பண்ணும். தரம் குறையல. நம்ம கைப்பழக்கம்தான் மாறிடுச்சு. முக்கியமா, எந்தப் படம் வேணும்னு தேர்வு பண்ற நேரம் இடம் மாறிடுச்சு.

ரோல் இருந்தப்போ தேர்வு எப்போ நடந்துச்சு? பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி. இன்னும் 11 இருக்கு, தாய்மாமன் மடியில உட்கார வைக்கிறப்போ 2, காது குத்துற நொடிக்கு 2, பந்தியில 1னு மனசுக்குள்ள கணக்கு ஓடும். எல்லாரும் வந்து நின்னாத்தான் கை மேல போகும். டிஜிட்டல்ல அந்தத் தேர்வு பட்டனை அழுத்தினதுக்கு அப்புறம் நடக்கணும். முன்னாடியும் தேர்வு பண்றதில்ல, பின்னாடியும் பண்றதில்ல, நடுவுல 800 படம் சும்மா கிடக்குது. இதைத்தான் நம்ம வீடியோல அடிக்கடி சொல்றேன். வேலை குறையல, வேலை சாயந்தரத்துக்குத் தள்ளிப் போயிருக்கு.

இதுல சுவாரசியமான விஷயம் ஒண்ணு இருக்கு. 1975ல கோடாக் கம்பெனியில ஸ்டீவன் சாசன்னு ஒரு இன்ஜினியர் கையில தூக்கிட்டுப் போற மாதிரி முதல் டிஜிட்டல் கேமராவைச் செஞ்சாரு. 100க்கு 100 பிக்சல், கறுப்பு வெள்ளை, ஒரு படத்தை கேசட்டுல பதிய 23 வினாடி. அந்த கேசட்டுக்கு 30 படம்னு அவரே கணக்கு வெச்சாரு. ஏன் 30? ஃபிலிம் ரோல்ல 24 வரும், 36 வரும், அதுக்கு நடுவுல இருக்கட்டும்னுதான். அதாவது ஃபிலிமே இல்லாத கேமராவைச் செஞ்சவர் கூட ரோலோட அளவை மனசுல வெச்சிருந்தாரு. அந்த அளவு நமக்கு அப்புறம்தான் தொலைஞ்சு போச்சு.

சரி, சாயந்தர வேலை என்னன்னு பார்ப்போம். விசேஷம் முடிஞ்ச அன்னைக்கே, இல்லேன்னா மறுநாள், ஒரு அரை மணி நேரம் உட்காருங்க. மூணு சுத்துப் பார்க்கணும். முதல் சுத்துல அழகைப் பத்தி யோசிக்கவே கூடாது. கண் மூடினது, ஆடிப்போனது, யாரோட முதுகோ மறைச்சது, தெரியாம கை பட்டு எடுத்த தரை, இது எல்லாத்தையும் அழிங்க. 800ல 300 இதுலயே போயிடும். ரெண்டாவது சுத்துல ஒரே நிமிஷத்துல எடுத்த ஒரே மாதிரி படங்களைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒண்ணே ஒண்ணை வெச்சுக்குங்க. குழந்தை அழுகுற படம் 14 இருந்தா, கண்ணுல ஃபோகஸ் எங்க சரியா விழுந்திருக்குன்னு பெருசாக்கிப் பாருங்க. கண் தெளிவா இருந்து மூக்கு லேசா மங்கினா பரவாயில்ல, மூக்கு தெளிவா இருந்து கண் மங்கினா அந்தப் படம் வேண்டாம். மூணாவது சுத்துல ரொம்பப் பிடிச்ச படத்துக்கு மட்டும் இதயக் குறி (ஃபேவரிட்) போடுங்க. அதுக்கு மட்டும் எண்ணிக்கை வெச்சுக்குங்க: 36. ஒரு விசேஷத்துக்கு 36க்கு மேல இதயம் கிடையாதுன்னு பிடிவாதமா இருங்க. நெல்லைக் களத்துல குவிச்சுட்டுப் போறதுக்கும் புடைச்சு மூட்டை கட்டுறதுக்கும் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு வித்தியாசம் இதுல தெரியும்.

விசேஷம் நடந்துட்டு இருக்கும்போதே அழிக்காதீங்க. ரெண்டு காரணம். கேமராவோட பின்னாடி திரை 3 இன்ச்தான், அதுல எல்லாமே தெளிவாத்தான் தெரியும், மங்கல் தெரியாது. ரெண்டாவது, எடுத்ததைக் குனிஞ்சு பார்த்துட்டு இருக்கிற நேரத்துலதான் ஆசாரி காதைப் பிடிச்சு கம்பியை ஏத்திடுவாரு. அந்த நொடி திரும்ப வராது. ஃபிலிம் கேமராவுல பார்க்கத் திரையே இல்ல, அதனால கண்ணு எப்பவும் எதிர்ல இருந்துச்சு. இது அந்தக் காலத்துப் பழக்கத்துல நாம கண்டிப்பா மீட்டு எடுக்க வேண்டிய ஒண்ணு.

அழிக்கக் கூடாததை அழிச்சுட்டா? போன்ல பெரும்பாலும் குப்பைத் தொட்டி ஃபோல்டர்ல 30 நாள் இருக்கும், எடுத்துடலாம். கேமரா மெமரி கார்டுன்னா உடனே அந்தக் கார்டுல மேற்கொண்டு ஒரு படம் கூட எடுக்காதீங்க. வெளியில எடுத்து, பக்கவாட்டுல இருக்கிற சின்னப் பூட்டை இழுத்து விட்டுடுங்க. அழிச்சது உண்மையில அங்கயேதான் இருக்கும், மேல புதுசா எழுதினாத்தான் போகும். ஃபோட்டோரெக்னு இலவச மென்பொருள் இருக்கு, அது தேடி எடுத்துக் குடுக்கும்.

இப்போ படம் ஏன் நல்லா அமையலங்கிறதுக்கு வர்றேன். அம்மா கேள்வியோட ஒரு படத்தையும் அனுப்பியிருந்தாங்க. தாத்தா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில, பந்தலுக்கு வெளியில பன்னிரண்டு மணி வெயில்ல நிக்கிறாரு. பின்னாடி பந்தல் நிழல், இருட்டு. படத்துல வேட்டியைப் பாருங்க, மடிப்பே இல்ல. ஒரே வெள்ளை அட்டை மாதிரி. கரை கூட பாதி கரைஞ்சு போச்சு. ஏன்? கேமரா படம் முழுக்க அளந்து, "இருட்டு அதிகமா இருக்கு"ன்னு வெளிச்சத்தை ஏத்திடுச்சு. ஏத்தினதுல வெள்ளை வழிஞ்சு போச்சு. டிஜிட்டல்ல வழிஞ்ச வெள்ளைக்குள்ள விவரமே பதிவாகாது, எந்த ஆப்ல போட்டுக் குறைச்சாலும் மடிப்பு வராது, சாம்பலாத்தான் மாறும்.

நெகட்டிவ் ஃபிலிம் இதுக்கு நேர் எதிர். கலர் நெகட்டிவ்ல ரெண்டு ஸ்டாப், அதாவது நாலு மடங்கு வரைக்கும் வெளிச்சம் கூடப் போனாலும் தாங்கும், வேட்டி மடிப்பு நெகட்டிவ்ல இருக்கும். வெளிச்சம் குறைஞ்சாத்தான் அதுக்கு ஆகாது. இன்னொண்ணு, நமக்குத் தெரியாம ஒருத்தர் திருத்திட்டு இருந்தாரு. கலர் லேப்ல மினி லேப் மெஷின் முன்னாடி உட்கார்ந்திருந்த ஆபரேட்டர், ஒவ்வொரு ஃபிரேமையும் திரையில பார்த்து வெளிச்சத்தையும் நிறத்தையும் மாத்துற டென்சிட்டி, சயான், மெஜந்தா, யெல்லோ கீயைத் தட்டித் தட்டித்தான் பிரிண்ட் விட்டாரு. நாம சுமாரா எடுத்ததை அவர் சரி பண்ணி அனுப்பினாரு. நம்ம படம் நல்லா வந்ததுல அவருக்குப் பெரிய பங்கு உண்டு, அவரை யாரும் நினைக்கிறதில்ல. இப்போ அந்த வேலை உங்க கையில.

அதனால ஃபிலிம்ல நிழலுக்கு வெளிச்சம் பார்த்தோம், டிஜிட்டல்ல வெள்ளைக்குப் பார்க்கணும். போன்ல எப்படி? திரையில வேட்டி மேல ஒரு தட்டு தட்டுங்க. பக்கத்துல சின்னச் சூரியன் வரும், விரலால கீழ இழுங்க. வேட்டியில மடிப்பு தெரியுற வரைக்கும் இழுத்துட்டு நிறுத்துங்க. முகம் கொஞ்சம் கறுத்தாலும் பரவாயில்ல, நிழலை அப்புறம் தூக்கிக்கலாம். கேமரான்னா, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 0.7ல வைங்க. ஒரு எச்சரிக்கை: படம் முழுக்க வெள்ளையா இருந்தா, அதாவது வெள்ளைச் சுவர் முன்னாடி பத்துப் பேர் வெள்ளை வேட்டியில நின்னா, கதை தலைகீழ். கேமரா எல்லாத்தையும் சாம்பலாக்கப் பார்க்கும். அப்போ பிளஸ் 0.7.

உள்ள, ஹால்ல எடுத்த படங்கள் ஆடிப்போறது அடுத்த குறை. ரோல்ல ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்தை உணர்ற அளவு, ஒண்ணுதான். 100 போட்டா 36 படமும் 100, உள்ளே போனா ஃபிளாஷ் அடிச்சே ஆகணும். அந்த ஃபிளாஷ் வெளிச்சம் ஆயிரத்துல ஒரு பங்கு வினாடி மாதிரி மின்னி மறையும், குழந்தை ஆடினாலும் உறைஞ்சு போகும். இப்போ போன்ல ஃபிளாஷ் போடாம டியூப்லைட்லயே எடுக்கிறோம். ஷட்டர், அதாவது வெளிச்சத்தை உள்ள விடுற நேரம், 1/15, 1/20 வினாடிக்கு இறங்கிடும். ஓடுற குழந்தை கோடு கோடாத்தான் வரும். அதோட பழைய கேமராவைக் கண்ணோட ஒட்டி, முழங்கையை விலாவோட ஒட்டிப் பிடிச்சோம். போனைக் கையை நீட்டிப் பிடிக்கிறோம். முழங்கையை உடம்போட ஒட்டுங்க, குழந்தையை ஜன்னல் பக்கம் கூட்டிட்டு வாங்க, பாதிப் பிரச்சினை போயிடும். கேமரா வெச்சிருக்கிறவங்க ஆட்டோ ஐஎஸ்ஓ போட்டு, ஷட்டர் 1/125க்குக் கீழ போகாம, ஐஎஸ்ஓ 3200க்கு மேல போகாம கட்டி வைங்க. படத்துல லேசா மணல் மாதிரி தெரியும், பிரிண்ட்ல அது தெரியாது.

குத்துவிளக்குப் படத்துக்கு மட்டும் ஒரு வார்த்தை. கேமரா தானா நிறத்தைச் சரி பண்ற ஆட்டோ வொயிட் பேலன்ஸ் அந்தப் பொன் நிறத்தை ஒரு குறைன்னு நினைச்சு வெளுத்துடும். வொயிட் பேலன்ஸ் மெனுவுல இருக்கிற சூரியன் குறிக்கு (டேலைட்) மாத்திடுங்க, சுடரோட நிறம் அப்படியே நிக்கும்.

இப்போ அம்மா கேட்காத, ஆனா கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அந்தப் பேத்தி வளர்ந்து தன் பிள்ளைக்கு இந்தப் படத்தைக் காட்ட முடியுமா? எனக்கு இதுதான் பெரிய கவலை. நெகட்டிவை பீரோவுல போட்டுட்டு மறந்தாலும் முப்பது வருஷம் கழிச்சு பிரிண்ட் போடலாம். போன் தொலைஞ்சா அன்னைக்கே எல்லாம் போச்சு. பென் டிரைவ்ல போட்டு டிராயர்ல வெச்சுட்டேன்னு சொல்லாதீங்க, மின்சாரமே படாம வருஷக்கணக்குல கிடந்தா அதுக்குள்ள இருக்கிற பதிவு மெல்ல மெல்ல வடியும். கூகுள் ஃபோட்டோஸ்ல அளவில்லாம இலவசம்ங்கிறது 2021 ஜூன் 1ஆம் தேதியோட முடிஞ்சுது, இப்போ மெயில் எல்லாம் சேர்த்து 15 ஜிபிதான். அதனால அந்த 36ஐ மூணு இடத்துல வைங்க: போன்ல, ஒரு ஹார்டு டிஸ்க்ல, வேற ஊர்ல இருக்கிற பிள்ளையோட கம்ப்யூட்டர்லயோ கிளவுட்லயோ. 800க்கு இதைச் செய்ய யாருக்கும் பொறுமை வராது, 36க்கு வரும்.

அனுப்பும்போது வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பாதீங்க. நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிடும், எடுத்த தேதி, நேரம் எல்லாம் உள்ள இருந்து உதிர்ந்துடும். 18 இன்ச் நீளத்துக்கு ஃபிரேம் போடணும்னா ஒரு இன்ச்சுக்கு 89 புள்ளிதான் வரும், பக்கத்துல பார்த்தா கட்டம் கட்டமா உடையும். அதே படத்தோட அசல் 4000 பிக்சல் இருந்தா இன்ச்சுக்கு 222, தாராளம். உங்களுக்கு ஃபிரேமுக்குத் தேறலங்கிறதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கும்மா. மத்தவங்க எடுத்ததை குரூப்ல இருந்துதானே இறக்கியிருப்பீங்க? திரும்பக் கேட்டு, டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க.

பிரிண்ட் போடும்போது இன்னொரு சிக்கல். ஃபிலிம் ஃபிரேம் 36க்கு 24 மில்லிமீட்டர், மேக்ஸி சைஸ் 6க்கு 4 இன்ச், ரெண்டும் ஒரே விகிதம், அப்படியே உட்கார்ந்துச்சு. போன் படம் 4க்கு 3. அதை மேக்ஸியில போட்டா உயரத்துல ஒன்பதுல ஒரு பங்கு வெட்டுப்படும். பின்வரிசையில நிக்கிற உயரமான மாமாவோட தலைதான் முதல்ல போகும். எடுக்கும்போதே தலைக்கு மேல இடம் விடுங்க, இல்லேன்னா 8க்கு 6 இன்ச் சைஸ் கேளுங்க, வெட்டாம வரும்.

வந்த பிரிண்ட்டோட பின்பக்கம் பேர், ஊர், தேதி எழுதுங்க. பால்பாயின்ட் பேனா வேண்டாம். அந்தப் பேப்பர் ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் பூச்சு, பேனா அழுத்தினா முன்பக்கம் முகத்து மேல தடம் விழும், மை காயாம அடுத்த படத்துல ஒட்டும். மெல்லிசான பெர்மனென்ட் மார்க்கர்ல ஓரமா எழுதி, நல்லாக் காய விட்டுட்டு அடுக்குங்க. பசை அட்டை மேல பிளாஸ்டிக் தாள் மூடுற பழைய ஆல்பம் வேண்டாம், பசை மஞ்சளாகி படத்தைப் பிடிச்சுக்கும். சொருகுற கவர் ஆல்பம் வாங்குங்க. ஃபிரேம் போடுறவர்கிட்ட, படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவுல மவுண்ட் அட்டை வெச்சு இடைவெளி விடச் சொல்லுங்க. கண்ணாடியில நேரா ஒட்டி வெச்சா நம்ம ஊர் ஐப்பசி, கார்த்திகை ஈரத்துல படம் கண்ணாடியோட ஒட்டிக்கும், அப்புறம் பிரிச்சா மேல்தோல் உரிஞ்சுதான் வரும்.