கரட்டுக்கு ஆழம், கோவாவுக்கு அகலம்

(தோட்ட மண்டபத்தில் நடந்த வீட்டுத்தோட்டப் போட்டிப் பரிசளிப்பு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, கௌரவ பிரதேச சபை உறுப்பினர் அவர்களே, இத்தனை மழையிலும் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்திருக்கும் விவசாயப் போதனாசிரியர் அவர்களே, கிராம உத்தியோகத்தர் அவர்களே, அதிபர் அவர்களே, ஆலய பரிபாலன சபையினரே, மாதர் சங்கத் தலைவி அவர்களே, மண்டபத்தின் சாவியைத் தேடி எடுத்துக் கொடுத்த உதவி முகாமையாளர் அவர்களே, முன்வரிசையில் பரிசுக்காகக் காத்திருக்கும் தாய்மார்களே, பின்னால் நின்றுகொண்டே கேட்கும் தம்பிமாரே, எல்லோருக்கும் என் பணிவான வணக்கம். யாராவது விடுபட்டிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். தேநீர் வைத்த பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘கரட்டும் கோவாவும்’. கோவா என்றால் முட்டைக்கோஸ். மண், எரு, விலை என்று மூன்று விடயங்களைச் சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் ஒரு பழமொழி. என்னை அறிந்தவர்கள் இப்போதே சிரிக்கிறீர்கள். சரி, சொல்லிவிடுகிறேன்: ‘அகல உழுவதிலும் ஆழ உழு.’

கரட்டுக்காகவே சொன்னதுபோல இருக்கிறது இந்தப் பழமொழி. கரட் கீழ்நோக்கிப் போகிற பயிர். ஒரு அடி ஆழத்துக்காவது முள்ளுக் குத்தி, அதாவது பல் வைத்த இரும்பு முள்ளால் மண்ணைக் கிளறி, கல்லைப் பொறுக்கி, மண்ணைப் பொலபொலவென்று ஆக்கிக் கொடுக்க வேண்டும். நாற்று மேடையில் போட்டுப் பிடுங்கி நட்டால் ஆணிவேர் வளைந்துவிடும். அதனால் விதையை நேராகப் பாத்தியிலேயே வரிசையாகத் தூவ வேண்டும். முளைக்கப் பத்து நாள் அளவில் எடுக்கும். அதுவரை மேல்மண் காயக்கூடாது. முளைத்த பிறகு கலைத்துவிடுவதற்குத்தான் நம் ஆட்களுக்கு மனம் வராது. ‘முளைத்ததைப் பிடுங்குவதா, பாவம்’ என்பார்கள். இரண்டு மூன்று விரல் இடைவெளி விடாவிட்டால் மூன்று மாதம் கழித்துக் கிடைப்பது சுண்டுவிரல் பருமன்தான். கிழங்கின் தலை மண்ணுக்கு மேலே தெரிந்தால் வெயில் பட்டுப் பச்சையாகிவிடும். மண் அணைத்துவிட வேண்டும்.

கோவா அப்படியில்லை. அதை நாற்று மேடையில் வளர்த்து, நாலு வாரம் போனதும் எடுத்து நடலாம். வேர் ஆழம் போவதை விடப் பக்கத்தில் பரவுவதுதான் அதிகம். ஒரு செடிக்கும் அடுத்ததற்கும் ஒன்றரை அடி வேண்டும். எருவும் தண்ணீரும் விடாமல் கேட்கும். காயவிட்டுத் திடீரென்று மழை கொட்டினால் திரண்ட கோவா வெடித்துவிடும். ஆக, கரட்டுக்கு ஆழம், கோவாவுக்கு அகலம்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு சங்கடம் நம் தேயிலைத் தோட்ட மண். தேயிலைக்குப் புளிப்பு மண் பிடிக்கும், புளிப்பை அளக்கும் பி.எச். எண் (குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.5 முதல் 5.5 வரை இருந்தால் சந்தோஷமாக வளரும். மரக்கறிக்கு ஆறு, ஆறரை வேண்டும். தேயிலைத் தூரைப் பிடுங்கிய இடத்தில் அப்படியே கோவா நட்டுவிட்டு ‘விதை சரியில்லை’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகக்கூடாது. நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே புளிப்பைக் குறைக்கும் டொலமைட் சுண்ணாம்புத் தூள் போட்டு மண்ணோடு கலந்துவிட வேண்டும். எவ்வளவு என்பதை மண்ணைப் பரிசோதித்துவிட்டுப் போதனாசிரியர் ஐயா சொல்வார். அவர் இங்கேயே இருக்கிறார், தப்பிப் போகவிடாதீர்கள்.

அடுத்தது எரு. இதை எங்கள் மாமாவின் கதையாகச் சொன்னால்தான் விளங்கும்.

இராகலைப் பக்கத்தில் நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்தில், லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பின்னால் மாமாவுக்கு ஒரு துண்டு, சித்தப்பாவுக்கு ஒரு துண்டு. நடுவே ஒரு கான், தண்ணீர் வடியும் வாய்க்கால். மாமா கரட்காரர், சித்தப்பா கோவாக்காரர். பீலிக்கரையில் இரண்டு பேரும் சந்தித்தால் குளிக்க வந்தவர்கள் குளிக்காமல் நின்று கேட்பார்கள். ஒரு வருஷம் சித்தப்பாவின் கோவா ஒவ்வொன்றும் கையில் அடங்காத அளவுக்குத் திரண்டது. ‘எல்லாம் பச்சைச் சாணி போட்ட பவுசு’ என்று பீலிக்கரையில் பெருமை அடித்தார். மாமா ஒன்றும் பேசவில்லை. அன்று இரவிலிருந்து கூடை கூடையாகச் சாணி எங்கள் வாசலைத் தாண்டிப் போனது. அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டதற்கு, ‘சும்மா இரு, தேருக்கு ஒரு மூட்டை கரட் கோயிலுக்குத் தருவதாகச் சொல்லிவிட்டேன்’ என்றார்.

இலை வந்தது பாருங்கள், முழங்கால் உயரம்! தோட்டமே வந்து பார்த்தது. கணக்குப்பிள்ளை வந்து பார்த்தார். திருவிழாவுக்கு முதல்நாள், பூசாரி, தலைவர், பத்துப் பதினைந்து பிள்ளைகள் எல்லோரையும் சுற்றி நிறுத்திவிட்டு, மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் கரட்டைப் பிடுங்கினார். இரண்டு கால். கீழே போட்டுவிட்டு அடுத்ததைப் பிடுங்கினார். மூன்று கால், உடம்பெல்லாம் மயிர். மூன்றாவது பிடுங்கினால் இரண்டு கரட் ஒன்றையொன்று கட்டிப் பிடித்துக்கொண்டு வருகிறது! ஒருவருக்கும் சத்தமில்லை. மாமாவின் முகத்தைப் பார்க்கவே பயம். அப்போதுதான் அத்தை சொன்னார்: ‘பூசாரி ஐயா, இதெல்லாம் தீ மிதிக்க வந்த ஆளுக மாதிரி காலத் தூக்கிக்கிட்டு நிக்குதே, சாம்பாருக்குப் போடலாமா, இல்ல காப்புக் கட்டணுமா?’ பூசாரி சிரித்த சிரிப்பில் கையில் இருந்த வெற்றிலைத் தட்டு சரிந்துவிட்டது. அன்று இரவு முழுக்க அத்தையும் இன்னும் நாலு பெண்களும் ஒவ்வொரு காலாக வெட்டிச் சீவினார்கள். சாம்பார் ருசியாகத்தான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

பச்சைச் சாணி கரட்டுக்கு ஆகாது. வேர் பிளந்துவிடும். தழைச்சத்து மிஞ்சினால் இலைதான் பெருகும். முந்தின போகத்தில் கோவாவுக்கு எருப் போட்ட பாத்தியில் கரட் போட்டால் போதும்.

சித்தப்பா தப்பித்தார் என்று நினைக்காதீர்கள். அதே துண்டில் போகத்துக்குப் போகம் கோவாவே நட்டார். ஒரு நாள் மத்தியானம் பார்த்தால் மண் ஈரமாக இருக்கிறது, இலை மட்டும் துவண்டு தொங்குகிறது. பிடுங்கினால் வேரெல்லாம் முண்டு முண்டாக வீங்கிக் கிடக்கிறது. இதைத்தான் ஐயா ‘கிளப் ரூட்’ என்பார். புளிப்பு மண்ணில் அது கொண்டாடும். ஒருமுறை வந்தால் பத்து வருஷத்துக்கு மேலும் மண்ணில் கிடக்கும். கோவா, நோக்கோல், ராபு என்கிற முள்ளங்கி, பூக்கோவா எல்லாம் ஒரே குடும்பம், எல்லாவற்றையும் பிடிக்கும். கரட் வேறு குடும்பம்; அதை ஒன்றும் செய்யாது. கடைசியில் மாமாவும் சித்தப்பாவும் கானைத் தாண்டித் துண்டை மாற்றிக்கொண்டார்கள். சாணி தின்ற மண்ணில் கோவா, கோவா முடிந்த மண்ணில் கரட். இரண்டும் வந்தது. பீலிக்கரையில்தான் சுவாரசியம் குறைந்துவிட்டது.

அடுத்த போகத்தில் கோவா திரண்டுகொண்டிருக்கும்போது தோட்ட நிர்வாகத்திலிருந்து ஆள் வந்தது. அந்த மலையில் புதுத் தேயிலை நடப் போகிறார்களாம், ஒரு வாரத்தில் துப்புரவாக்க வேண்டுமாம். தோட்டத்தின் பெயரை இங்கே சொல்லி என்ன ஆகப் போகிறது, எங்கேயும் நடப்பதுதானே. கைப்பிடி அளவுக் கோவாவைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டார்கள். மாமா தன் துண்டைத் தொடவில்லை, வேறு ஆள்தான் வந்து கொத்தினான்.

அதனால்தான் சொல்கிறேன். ‘அகல உழுவதிலும் ஆழ உழு’ என்ற பழமொழி நல்ல பழமொழி. ஆனால் அது சொந்த நிலம் உள்ளவன் சொன்னது! ஆழம் நம் கையில் இருக்கிறது, 200 வருஷமாக முள்ளுக் குத்திய கை இது. அகலம் எங்கே?

கணக்குப் பார்ப்போம். ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடி. தோட்ட வீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த 7 பேர்ச் என்றால் சுமார் 1,900. வீட்டுக்கு 550 போய்விட்டது. மலசலகூடக் குழி, படிக்கட்டு, மண் வெட்டிய சரிவு, கான், துணி துவைக்கும் கல் எல்லாம் போக மிச்சம் என்ன? அதில் கோவாவை எங்கே மாற்றி நடுவது? வருஷா வருஷம் இடம் மாற்று என்கிறார் போதனாசிரியர் ஐயா, நியாயமான பேச்சு. மாற்றுவதற்கு இடம் வேண்டாமா? பிறகு 10 பேர்ச் என்றார்கள். நான் 20 பேர்ச் என்கிறேன். வீட்டுக்கும் பயிருக்கும் சேர்த்து, உறுதிப் பத்திரத்தோடு, தாய்மார் பெயரும் அதில் இருக்க. ஒரு ஏக்கரில் எட்டுக் குடும்பம் இருக்கலாம். பயிரிடாமல் காடேறிக் கிடக்கும் மலைகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரர் 1848இல் நுவரெலியாவில் குடியேறிப் பண்ணை வைத்தார். ஏக்கர் ஒரு பவுண் கணக்கில் அரசாங்கம் அவருக்குக் காணி விற்றது. அவர் போட்ட ஓட்ஸை மரை மானும் காட்டுப்பன்றியும் தின்றன. பன்றி இன்னும் போகவில்லை, அது வேறு கதை. வந்த கையோடு அவருக்குக் காணி கிடைத்தது. நாம் 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து வந்து, நம் முன்னோர் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த 200 வருஷத்தை நினைவுகூர்ந்து, இன்னும் பேர்ச் கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறோம். கௌரவ உறுப்பினர் அவர்கள் குறித்துக்கொள்வதைப் பார்க்கிறேன், மிக்க நன்றி. குறித்த தாளைத் தொலைத்துவிடாதீர்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

விலையைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். தம்புள்ளைச் சந்தையில் ஒரு விலை, நம் வாசலில் ஒரு விலை, இடையில் லொறிக்காரர். அதை எடுத்தால் இன்னும் ஒரு மணி நேரம் போகும். நேரம் முடிந்தது என்று தலைவர் இரண்டாவது துண்டுச்சீட்டையும் அனுப்பிவிட்டார்.

போகும்போது கதவுப் பக்கத்து மேசையைப் பாருங்கள். 20 பேர்ச் கேட்கும் மனு அங்கே இருக்கிறது. பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து. பேனா நூலில் கட்டியிருக்கிறது, இழுக்காதீர்கள். மனுவுக்குப் பக்கத்திலேயே டொலமைட் வேண்டியவர்கள் பெயர் எழுதும் கொப்பியும் உண்டு. இரண்டையும் மாற்றி எழுதிவிடாதீர்கள். நன்றி, வணக்கம்.