குழி மூடிய மண் எத்தனை யூனிட்? கணக்கைச் சரிபார்க்கலாம் வாங்க

[காட்சி: காரைக்குடி பக்கம் தூர்வாரிய கண்மாய், கரையில் செம்மண் குவியல்]

வணக்கம். செட்டிநாட்டுப் பக்கம் கோடையில் கண்மாய் தூர்வாரினால், ஜேசிபி கிளம்பிய கையோடு ஒரு பேச்சு ஆரம்பிக்கும்: எத்தனை யூனிட் (ஒரு யூனிட் என்றால் 100 கனஅடி மண்) அள்ளினீர்கள்? ஒப்பந்தக்காரர் டிரிப் சீட்டைக் காட்டுவார், ஊர்க்காரர்கள் குழியைக் காட்டுவார்கள். இரண்டும் ஒத்துப்போகாது. ஆனால் இருவருமே உண்மை சொல்லியிருக்கலாம்.

நெய்வேலி போன்ற திறந்தவெளிச் சுரங்கத்தில் நிலக்கரி எடுத்த குழியை மூடி, நிலத்தைச் சீரமைக்கும்போதும் இதே சிக்கல்தான், பல மடங்கு பெரிதாக.

[திரையில்: தரை, டிப்பர், ரோலர்]

முதலில் கேட்க வேண்டியது, மண் எந்த நிலையில் இருந்தபோது அளந்தார்கள் என்பது. இறுகிக் கிடக்கும் 100 யூனிட் மண்ணைத் தோண்டி டிப்பரில் ஏற்றினால் 120, 125 யூனிட்டாக உப்பிவிடும். ரோலர் ஓடினால் மறுபடி அமுங்கும். சீட்டு சொல்வது உப்பிய மண்ணை, குழி சொல்வது இறுகிய மண்ணை.

சுரங்கத்தில் உடைத்த பாறை எவ்வளவு அமுக்கினாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. மேலே 30 மீட்டர் மண்ணும் பாறையும், அடியில் 3 மீட்டர் நிலக்கரி என்று வையுங்கள். மேலே இருந்தது 10 சதவீதம் உப்பியே நின்றுவிட்டால் 33 மீட்டர். நிலக்கரி முழுக்கப் போயும் குழி விளிம்பு வரை நிரம்பிவிடும்! நிலக்கரி 10 மீட்டராக இருந்தால் நிலம் 7 மீட்டர் தாழ்ந்து நிற்கும். அப்போது மண் எங்கே போனது என்று யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

[காட்சி: மட்டம் பார்க்கும் கருவி, அளவுக்கோல்]

அப்புறம் மட்டம். வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே பெஞ்ச்மார்க்கில் (உயரம் அளக்க வைத்த அசையாத அடையாளப் புள்ளி) இருந்து எடுத்தார்களா? ஒரு ஹெக்டேரில் 10 செ.மீ. பிசகினால் 1000 கனமீட்டர் பிசகும். ஒரு யூனிட், அதாவது 100 கனஅடி, 2.83 கனமீட்டர். ஆக சுமார் 353 யூனிட். மூன்று யூனிட் டிப்பரில் கிட்டத்தட்ட 118 லோடு!

ட்ரோன் சர்வே என்றால் சீமைக்கருவேலத்தைக் கவனியுங்கள். படத்தில் மரத்தின் தலைதான் விழும். அதைத் தரை என்று எடுத்துக்கொண்டு, மரம் வெட்டிய பிறகு எடுத்த படத்தோடு கழித்தால், தோண்டாத மண்ணும் தோண்டிய கணக்கில் சேரும்.

[திரையில்: இரண்டு குறுக்குவெட்டு]

குறுக்குவெட்டுக் கணக்கு சுலபம். குழியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் தெரியும் முகத்தின் பரப்புதான் குறுக்குவெட்டு. 20 மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு வெட்டுகளின் பரப்பு 60, 84 சதுரமீட்டர் என்று வையுங்கள். சராசரி 72, அதை 20-ஆல் பெருக்கினால் 1440 கனமீட்டர். நடுவில் அளந்தால் 70 வருகிறது என்றால், இரு முனைகளோடு நடுவை நான்கு மடங்காகக் கூட்டி ஆறால் வகுத்து 20-ஆல் பெருக்குங்கள்: சுமார் 1413. மேடுபள்ளம் அதிகமான இடத்தில் நடுவெட்டு கட்டாயம் எடுக்க வேண்டும் என்பேன்.

சரி, பில்லில் கையெழுத்துப் போடும் முன், பத்து இருபது இடங்களில் நீங்களே கோல் வைத்து மட்டம் பாருங்கள். கொட்டி நிரப்பிய மண் மழைக்குப் பிறகு இன்னும் இறங்கும். அதனால் மழைக்காலம் முடிந்ததும் அதே பெஞ்ச்மார்க்கில் இருந்து இன்னொரு முறை எடுங்கள்.