தூங்கப் போகச் சொல்லும் தொலைக்காட்சி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். குழந்தைகளுக்கென்று மக்கள் பணத்தில் நடக்கும் தொலைக்காட்சி இனியும் தேவையா, கைபேசியே போதுமா என்பது தலைப்பு. தேவை என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தம்பி, "தூர்தர்ஷனில் வந்த குழந்தைகள் நிகழ்ச்சி கண்மணிப் பூங்கா காலமெல்லாம் போயாச்சு, இப்போ குழந்தை கேட்டது கேட்ட நேரத்தில் கைக்கே வருது" என்றார். வருகிறது தம்பி, மறுக்கவில்லை. வந்தது எப்போது நிற்கிறது?

போன வாரம் அக்கா வீட்டில் பார்த்தேன். நாலு வயசுப் பையன். ஊட்டிய இட்லி கன்னத்தில் ஒதுங்கிக் கிடக்கிறது, மெல்லவில்லை. ஒரு வீடியோ முடிந்ததும் திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது, அடுத்தது தானாக ஓடுகிறது. "போதும்டா கண்ணா" என்றேன். "இன்னும் ஒண்ணே ஒண்ணு சித்தி" என்றான். அந்த ஒண்ணே ஒண்ணு பதினோரு தடவை வந்தது. அவன் மேல் என்ன தப்பு? போதும் என்று சொல்ல அந்தப் பக்கம் ஆளே இல்லையே!

இங்கிலாந்தில் பிபிசி 2002-ல் சின்னஞ்சிறு குழந்தைகளுக்காக சீபீபீஸ் சேனலைத் தொடங்கியது. விளம்பரம் கிடையாது. மாலை 7 மணியோடு ஒளிபரப்பு முடிந்துவிடும். அதற்குப் பத்து நிமிடம் முன்னால் ஒருவர் உட்கார்ந்து, படப் புத்தகத்தைப் பிரித்து, எதிரே குழந்தை இருப்பதுபோல கேமராவைப் பார்த்து நிதானமாகக் கதை வாசிப்பார். டாம் ஹார்டி போன்ற பெரிய நடிகர்கள்கூட வந்து வாசித்திருக்கிறார்கள். கதை முடிந்ததும் தூங்கப் போகச் சொல்வார்கள். பார்க்கிற நேரத்தை விற்றுப் பிழைப்பவரால் இப்படிச் சொல்ல முடியுமா? அங்கே டிவி பார்க்க மக்கள் கட்டும் உரிமக் கட்டணத்தில் நடப்பதால் முடிகிறது.

"அந்த பிபிசியே பெரிய பிள்ளைகளுக்கான சிபிபிசி சேனலை இணையத்துக்கு மாற்றப்போவதாக 2022-ல் அறிவித்ததே" என்பார்கள். அறிவித்தது. ஆனால் அங்கேயும் நிகழ்ச்சிக்குப் பதில் சொல்ல ஒரு நிறுவனம் இருக்கும். பெற்றோர் அனுமதியில்லாமல் குழந்தைகளின் விவரங்களைத் திரட்டிய வழக்கில் கூகுளும் யூடியூபும் 2019-ல் அமெரிக்காவில் 17 கோடி டாலர் கட்டின. அந்தக் கையில்தான் பிள்ளையைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கச் சொல்கிறீர்களா?

நம் ஊருக்கு வருகிறேன். 2019 ஆகஸ்டில் தமிழக அரசு கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. அடுத்த வருஷமே கொரோனாவில் பள்ளிகள் பூட்டின. வீட்டில் இருந்த ஒரே போனை அப்பா வேலைக்கு எடுத்துப் போன வீடுகள் எத்தனை! அரசு கொடுத்த இலவச டிவி மட்டும் வீட்டிலேயே இருந்தது. பாடம் அதில் வந்தது.

பாடம் வந்த அந்தச் சேனலில் தினமும் மாலையில் ஒரு கதையும் வரட்டும். டப்பிங் தமிழில் வேண்டாம். கோவில்பட்டிப் பாட்டி ஒருநாள், பொள்ளாச்சித் தாத்தா ஒருநாள், அவரவர் பேச்சிலேயே சொல்லட்டும். போனிலும் போடுங்கள், யார் வேண்டாம் என்றது? கதை முடிந்ததும் அங்கேயும் அடுத்தது ஓடாமல் நிற்கட்டும். அதற்கு இடமிருக்கும்படி தீர்ப்புச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே. வணக்கம்.