அந்த ஏர் ஹாரன் சத்தம் எங்கே?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். "இணையத்தில் ஆட்டிசம் உள்ளவர்களைப் புண்படுத்துவது அறியாமையா, ஆணவமா?" ஆணவமே என்று பேச வந்திருக்கிறேன்.

எழுதி வந்த தாளை மடித்து வைத்துவிட்டேன். காரணம், எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர். 1943-ல் லியோ கேனர் என்ற மனநல மருத்துவர் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் தொடங்கினார். ஆட்டிசம் ஒரு நோயல்ல, மூளை வளர்ச்சியில் வரும் வேறுபாடு என்றார். கண்ணைப் பார்த்துப் பேசுவது அவர்களில் பலருக்குப் பெரும் சுமை என்றும் சொன்னார். அத்தனையும் உண்மை. நானும் குனிந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். பேசி முடித்து இறங்கும்போது என்னைக் காட்டி, "அம்மா என் கண்ணையே பார்க்கலை, அவங்களுக்கும் ஆட்டிசமோ என்னவோ!" என்றார். அரங்கமே சிரித்தது.

ஐயா, உங்கள் மீது எனக்குக் கோபமில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். தெரியாமலா சொன்னீர்கள்? கேனரைத் தெரிந்தவர், கண் பார்ப்பதில் உள்ள சிரமத்தைத் தெரிந்தவர், அதே சிரமத்தை எடுத்துக் கேலிக்கு வைத்துக்கொண்டீர்கள். சொன்னால் சிரிப்பு வரும் என்பதும் தெரியும். யாரும் எழுந்து தட்டிக் கேட்கமாட்டார்கள் என்பதும் தெரியும். இந்தத் தெரிதலுக்குப் பெயர் அறியாமையா? இணையத்தில் ஒருவரை மட்டம் தட்ட "நீ என்ன ஆட்டிசமா?" என்று எழுதுகிறார்களே, அவர்கள் செய்வதும் இதேதான்.

சரி, என் தங்கை மகனைப் பற்றிச் சொல்கிறேன். வயது 14. ஆட்டிசம் உண்டு. பேச்சு கொஞ்சம்தான். துவைத்த துணியை ஓரத்தோடு ஓரம் வைத்து மடிப்பதில் அவனுக்கு அப்படி ஒரு நிம்மதி. போன சித்திரைத் திருவிழா சமயம், மதுரை மாட்டுத்தாவணியில் அம்மாவும் மகனும் பேருந்துக்கு நிற்கிறார்கள். நல்ல கூட்டம். ஒரு பேருந்து பின்னாலேயே வந்து ஏர் ஹாரன் அடித்தது. நமக்கே காது கிழியும். அவனுக்கு உடம்பு முழுக்க அடி விழுந்த மாதிரி. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடினான். என் தங்கை அவனை மடியில் சாய்த்துக்கொண்டாள். எதிரே ஒரு தம்பி செல்போனை எடுத்தார். 23 நொடி.

அன்று மாலையே அவள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவுக்கு அந்த வீடியோ வந்தது, கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மைகளோடு. அனுப்பியவருக்கு அது யார் பிள்ளை என்றே தெரியாது. வீடியோவில் குத்துப்பாட்டு ஓடுகிறது. அந்தத் தாளத்துக்குப் பிள்ளை ஆடுவதுபோல் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

நடுவர் அவர்களே, மணியடிக்க வேண்டாம், இதை மறுபடியும் சொல்ல வேண்டும். பையன் ஏன் ஆடினான்? ஹாரன் அடித்ததால். எடுத்த வீடியோவில் ஹாரன் சத்தம் இருந்ததா? இருந்திருக்கும். பக்கத்தில்தானே நின்று எடுத்தார்! அந்தச் சத்தத்தை அழித்துவிட்டு அந்த இடத்தில் பாட்டைப் போட்டிருக்கிறார். காரணம் கேட்டுவிட்டால் பார்ப்பவனுக்குப் பரிதாபம் வந்துவிடும், சிரிப்பு வராது. காரணத்தைத் தேடிப்பிடித்து அழித்த கையைப் பார்த்து, "பாவம், தெரியாமல் செய்துவிட்டார்" என்கிறது எதிரணி!

கீழே வந்த பின்னூட்டங்களையும் கேளுங்கள். "இவன்கிட்ட பெருக்கல் கேளுங்கடா, கம்ப்யூட்டர் மாதிரி சொல்லுவான்." ஆட்டிசம் உள்ள ஒருவர் மனக்கணக்கில் அசத்துவதாக 1988-ல் வந்த ரெயின் மேன் என்ற ஆங்கிலப் படத்தோடு உலகம் முழுக்கப் பரவிய நினைப்பு இது. அந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்த கிம் பீக் என்பவருக்கு ஆட்டிசமே இல்லை என்று பிற்பாடு சொன்னார்கள். எங்கள் பையன் கணக்கில் சுமார்தான். சுமாராக இருக்க அவனுக்கு உரிமை இல்லையா?

இன்னொருவர், "பெத்தவ போனைக் கொடுத்து வளர்த்தா இப்படித்தான்" என்று எழுதியிருந்தார். அந்தக் காலத்தில் அன்பில்லாத தாயால்தான் ஆட்டிசம் வருகிறது என்று மருத்துவ உலகமே பேசியது. அது தவறு என்று 1964-லேயே பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் புத்தகம் எழுதினார். அவரே ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தகப்பன். 60 வருடம் ஆகியும் பழி தாயை விட்டு இறங்கவில்லை.

2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92-ஆவது பிரிவும் நோக்கத்தைத்தான் பார்க்கிறது. பொதுப் பார்வையில், சிறுமைப்படுத்தும் நோக்கத்தோடு மாற்றுத்திறனாளியை அவமதித்தால் 6 மாதம் முதல் 5 வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு. வழக்குப் போடலாமே என்று தங்கையிடம் சொன்னேன். "அக்கா, போட்டா அந்த வீடியோவை இன்னும் எத்தனை பேருக்கு நானே போட்டுக் காட்டணும்?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

அவள் அந்த வீடியோவைப் பார்த்தபோது பையன் பின்னால் வந்து நின்றிருக்கிறான். பாட்டை அவன் கவனிக்கவில்லை. கட்டம் போட்ட நீலச் சட்டையைத்தான் பார்த்தான். "என் சட்டை" என்றான். அன்றிலிருந்து அந்தச் சட்டையைப் போடுவதில்லை, மடிப்பதும் இல்லை. துணி மடிக்கும்போது அது கையில் வந்தால் அம்மா பக்கம் தள்ளிவிட்டு, "வீடியோ போச்சா?" என்பான். "போச்சுடா கண்ணு" என்பாள் அவள்.

நேற்று ராத்திரி நான் அங்கே இருந்தேன். என் பக்கம் திரும்பி, "பெரியம்மா, போச்சா?" என்றான்.

போச்சு என்று நானும் சொன்னேன். இந்த மேடை ஏறுவதற்கு முன் செல்போனில் பார்த்தேன். இருக்கிறது.

வணக்கம்.