நானோ தொழில்நுட்பத்தை எட்டாம் வகுப்பில் எப்படி நடத்துவது? மன்னார்குடி டீச்சரின் சந்தேகத்துக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. மன்னார்குடிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கும் டீச்சர் கேட்டிருக்கிறார்: "எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் நானோ யூரியா (இலையில் தெளிக்கும் திரவ உரம்) பாட்டிலோடு வந்து, 'இதில் நானோ என்றால் என்ன டீச்சர்?' என்றான். 'ரொம்பச் சின்னது' என்பதற்கு மேல் எனக்குச் சொல்ல வரவில்லை. எங்களிடம் உருப்படியான நுண்ணோக்கிகூட இல்லை. எப்படி நடத்துவது? பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது, பத்து எடுப்பவர்களும் கேட்கிறார்கள்."

முதலில் நுண்ணோக்கிக் கவலையை விடுங்கள். எவ்வளவு நல்ல ஒளி நுண்ணோக்கி இருந்தாலும் நானோ துகளின் வடிவம் அதில் தெரியாது. நாம் பார்க்கும் ஒளியின் அலைநீளமே 400 முதல் 700 நானோமீட்டர். ஒரு பொருளின் மேற்பரப்பில் உள்ள அணுக்களைப் படமாக்கும் ஸ்கேனிங் டனலிங் நுண்ணோக்கி என்ற கருவி 1981-இல் வந்தது. பின்னிக், ரோரர் என்ற இருவர் செய்தது. 1986-இல் நோபல் பரிசில் அவர்களுக்குப் பங்கு கிடைத்தது. அந்தக் கருவி உங்கள் பள்ளிக்கும் வராது, என் பள்ளிக்கும் வந்ததில்லை.

நானும் முதல் தடவை சொதப்பியவன்தான். ப்ரொஜெக்டர் வாங்கிவந்து, ரத்தக் குழாயில் நீந்தும் குட்டி ரோபோ படங்களாகப் போட்டேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அடுத்த நாள் கேட்டால், "கண்ணுக்குத் தெரியாததெல்லாம் நானோ சார்" என்றார்கள். காற்றும் கண்ணுக்குத் தெரியாதுதானே? ஒரு பையன் மட்டும் "அது கார் சார்" என்றான். இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அந்தக் காரும் தெரியாது.

அதனால் அளவிலிருந்து தொடங்குங்கள். ஆறாம் வகுப்பு அளவீடுகள் பாடத்திலேயே நானோமீட்டர் இருக்கிறது: ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஆனால் நூறு கோடி என்றால் பிள்ளைக்கு ஒன்றும் தோன்றாது. நான் பழைய கணக்கைச் சொல்வேன். முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு. அந்த முந்திரியிலும் ஒரு முந்திரி எடுத்தால் கீழ்முந்திரி, அதாவது 1,02,400-இல் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 முதல் 1,00,000 நானோமீட்டர். ஆக, ஒரு முடியின் தடிமனில் கீழ்முந்திரி அளவுதான் சுமாராக ஒரு நானோமீட்டர். வீட்டில் தாத்தா இருந்தால் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், அந்த வாய்ப்பாடு தெரிந்தவர் யாராவது இன்னும் இருப்பார்.

ஆனால் சின்னது என்று சொல்லி அங்கேயே நிறுத்திவிடக் கூடாது. சின்னதானால் குணம் ஏன் மாறுகிறது என்பதுதான் பாடமே. களிமண்ணில் ஒரு சென்டிமீட்டர் கனசதுரம் பிடியுங்கள். அதன் வெளிப்பரப்பு 6 சதுர செ.மீ. அதையே ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டினால் ஆயிரம் துண்டு, பரப்பு 60 ஆகிவிடும். மண் ஒன்றுதான், பரப்பு மட்டும் பத்து மடங்கு. அப்படியே ஒரு நானோமீட்டர் துண்டுகள் வரை வெட்டிக்கொண்டே போனால்? 6000 சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய நாலரை மா, அதாவது ஒன்றரை ஏக்கர்! விரல்நுனியில் நிற்கிற மண் உருண்டைக்குள் நாலரை மா நிலம் மடித்து வைத்திருக்கிறது. இதைச் சொன்னதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும், நான் பார்த்திருக்கிறேன்.

பரப்பு கூடினால் வேலை வேகமாக நடக்கும். வேதாரண்யம் கல்லுப்பு கொஞ்சம், அதையே இடித்த தூள் கொஞ்சம், இரண்டையும் சம எடை எடுத்துத் தண்ணீரில் போட்டுக் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்க்கட்டும். தூள் உப்பு நானோ இல்லை என்பதை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அவன் வீட்டில் போய் நானோ உப்பு என்பான்.

ஒன்பது, பத்துக்கு இன்னொரு படி போகலாம். அணுக்களை வரிசைக்குப் பத்தாக அடுக்கிய கனசதுரம், மொத்தம் ஆயிரம். அதில் உள்ளே ஒளிந்திருப்பவை எட்டுக்கு எட்டுக்கு எட்டு, 512. மீதி 488 வெளியே நிற்கின்றன. பாதி அணுக்கள் விளிம்பில் நிற்கிற பொருள் பழைய குணத்தோடு எப்படி இருக்கும்? தங்கத் துகளைச் சில பத்து நானோமீட்டருக்குச் சிறிதாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால் சிவப்பாகத் தெரியும். (நிறத்துக்கு விளிம்பு அணு மட்டும் காரணமில்லை. துகளில் உள்ள எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து ஆடுவதுதான் காரணம். அது மேல் வகுப்புச் சமாசாரம்.) ஃபாரடே 1857-லேயே இப்படிச் சிவப்புத் தங்கக் கரைசல் செய்திருக்கிறார். ஒன்பதாம் வகுப்பு டிண்டால் விளைவுக்கு உப்புத் தண்ணீர் ஒரு டம்ளர், இரண்டு சொட்டுப் பால் விட்ட தண்ணீர் ஒரு டம்ளர், ஒரு லேசர் விளக்கு போதும். பாலில் ஒளி போகும் பாதை தெரியும், உப்பில் தெரியாது. பாலில் உள்ள புரத உருண்டைகள் நூறு, இருநூறு நானோமீட்டர் அளவில் இருப்பதும் ஒரு காரணம். லேசரை யார் கண்ணிலும் அடிக்க விடாதீர்கள்.

அப்புறம் இலை. கோயில் குளத்துத் தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாதது எல்லாருக்கும் தெரியும். அதில் நுண்ணிய மேடுகள், மேட்டின் மேல் நானோ அளவில் மெழுகு. இதை விளக்கியவர் பார்த்லாட் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர். ஆனால் எனக்குத் தாமரையைவிட நெல் இலைதான் பிடிக்கும். சம்பா நிற்கும்போது ஓர் இலையைப் பறித்து ஒரு சொட்டு விடுங்கள். நீளவாக்கில் லேசாகச் சாய்த்தாலே உருண்டு ஓடும். குறுக்கே சாய்த்தால் அவ்வளவு சுலபமாக ஓடாது, மேடுகள் நீளவாக்கில் வரிசை கட்டியிருப்பதால். பிறகு கட்டைவிரலால் இலையைத் தேய்த்துவிட்டு மறுபடி சொட்டு விடச் சொல்லுங்கள். மெழுகு போனதும் தண்ணீர் ஒட்டும். அந்த ஒரு நிமிடத்தில் பிள்ளை தானே புரிந்துகொள்வான்.

அரிசி ஆலைச் சாம்பலைப் பற்றியும் சொல்லலாம். உமிச் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்காதான், அதிலிருந்து நானோ சிலிக்கா எடுக்கிறார்கள். பேச்சோடு நிறுத்துங்கள், சாம்பலை வகுப்பில் தட்டிப் பறக்கவிட வேண்டாம். நுண்தூள் நுரையீரலுக்கு ஆகாது.

இப்போது அந்தப் பாட்டில். 2021-இல் முதலில் வந்ததில் 4 சதவீத நைட்ரஜன், 500 மில்லி. அதாவது 20 கிராம். ஒரு மூட்டை யூரியா 45 கிலோ, அதில் 46 சதவீதம் நைட்ரஜன், ஏறக்குறைய 20.7 கிலோ. ஆயிரம் மடங்கு வித்தியாசம். மூட்டைக்குப் பதில் பாட்டில் என்று விற்றார்கள். இலை வழியாக நேரடியாகப் போவதால் வீணாவது குறைவு என்பது அவர்கள் வாதம். பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் வயல் ஆய்வில் நெல், கோதுமை இரண்டிலும் மகசூல் குறைந்தது. நைட்ரஜன் அளவைக் கூட்டிய பாட்டிலும் பின்னால் வந்தது. என்னைக் கேட்டால் எனக்குச் சந்தேகம்தான். ஆனால் நீங்கள் வகுப்பில் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், அவன் அப்பா அதைத்தான் அடித்திருப்பார். கணக்கை மட்டும் கரும்பலகையில் போடச் சொல்லுங்கள், வீணாவது எவ்வளவு குறைந்தால் 20 கிராம் போதும் என்று கேளுங்கள்.

இரண்டு பீரியட் போதும். அந்தப் பையனை மறுபடி பாட்டில் கொண்டுவரச் சொல்லும்போது காலி பாட்டிலாக, நன்றாகக் கழுவிக் கொண்டுவரச் சொல்லுங்கள். நமக்கு வேண்டியது லேபிள்தான்.