சுவர் இருந்தால்தான் சித்திரம்

(திரைப்பட ரசனை வகுப்பின் நிறைவு விழாவில் பேசியது)

மதிப்பிற்குரிய அவைத்தலைவர் ஐயா அவர்களே, இந்த அரங்கத்தை நமக்குத் திறந்துவிட்ட கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, வரவேற்புரையில் என்னைப் பற்றி எனக்கே தெரியாத பல நல்ல செய்திகளைச் சொன்ன செயலாளர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்தில் பத்து நிமிடத்தை அன்போடு எடுத்துக்கொண்ட நண்பர் அவர்களே, கடைசி வரிசையில் கதவோரமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கும் மாணவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

ஒரு ஷாட்டுக்குள் இருக்கும் பொருள்கள் எப்படிக் கதை சொல்கின்றன என்பதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. பிரெஞ்சுக்காரர்கள் இதை மீசான்சேன் என்பார்கள். மீசைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மேடையில் எதை எங்கே வைப்பது என்ற நாடகக்காரர்களின் சொல் அது, சினிமாவுக்கும் வந்துவிட்டது. ஐந்து விஷயங்கள் பேசலாம் என்று குறித்து வந்திருக்கிறேன்: ஒளி, ஆழம், நிறம், உடை, ஃபிரேம். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். அந்தச் சுவர்தான் ஃபிரேம், அதாவது படத்தைச் சுற்றியிருக்கும் நாலு ஓரச் சட்டம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஒளி. 1941இல் வந்த ‘சஸ்பிஷன்’ படத்தில் கணவன் ஒரு கிளாஸ் பாலை ஏந்திக்கொண்டு இருட்டான மாடிப்படியில் ஏறி வருகிறான். பாலில் விஷம் இருக்குமோ என்று மேலே மனைவிக்குப் பயம். இயக்குநர் ஹிட்ச்காக் என்ன செய்தார் தெரியுமா? கிளாஸுக்குள்ளேயே ஒரு விளக்கை வைத்துவிட்டார். பால் பளீரென்று தெரிகிறது. பார்ப்பவர் கண் கணவன் முகத்துக்குப் போகவில்லை, பாலைவிட்டு நகரவில்லை. ‘விஷம்’ என்று யாரும் வாய்திறக்க வேண்டியிருக்கவில்லை.

அதே 1941இல் ‘சிட்டிசன் கேன்’. கேமராவுக்குப் பக்கத்தில் மேசை. அம்மா உட்கார்ந்து மகனை வேறொருவர் பொறுப்பில் விடும் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறாள். சற்றுத் தள்ளி அப்பா, வேண்டாம் என்று முனகிக்கொண்டு நிற்கிறார். தூரத்தில் ஜன்னலுக்கு வெளியே, கட்டைவிரல் அளவுக்குப் பையன் பனியில் விளையாடுகிறான். ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டின் கேமராவில் எல்லாமே தெளிவாகத் தெரிகிறது. தன் தலையெழுத்து உள்ளே எழுதப்படுவது அவனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அந்தச் சோகம் வசனத்தில் இல்லை, மேசைக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருக்கும் தூரத்தில் இருக்கிறது.

இனி நிறம்... அதற்கு முன்னால் ஒரு சம்பவம், சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது.

என் பெரியப்பா இளவயதில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பன்னிரண்டு முறை பார்த்தவர். அந்தப் படம் டிவியில் வருகிறது என்றதும் வீட்டில் எல்லோரையும் பிடித்து உட்கார வைத்தார். அகலமான புது டிவி. நாயகன் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைகிறான், சட்டென்று சிரிப்பு போய்விடுகிறது, அப்படியே நிற்கிறான். பேரன் கேட்டான்: “ஏன் தாத்தா, திடீர்னு ஊமையாயிட்டார்?” பெரியப்பா, “பெட்டியைப் பார்த்துட்டான்டா! அவ கிளம்பறதுக்குக் கட்டி வச்ச பெட்டி!” என்றார். “எந்தப் பெட்டி?” பெரியப்பா எழுந்து போய், டிவிக்குக் கீழே இருந்த மேசை டிராயரைத் தட்டி, “இங்கே இருக்குடா பெட்டி!” என்றார். பெரியம்மா உள்ளேயிருந்து, “அதுல பழைய பேட்டரிதான் இருக்கு” என்றார்.

அப்புறம் ரிமோட்டைப் பிடுங்கி எல்லாப் பொத்தானையும் அழுத்தினோம். நாயகன் ஒருமுறை குண்டானான், ஒருமுறை பாதி நெற்றியோடு நின்றான். பெட்டி மட்டும் வரவில்லை. ஒளிபரப்பியவர்களே அதை வெட்டிவிட்டுத்தான் அனுப்பியிருந்தார்கள்.

கணக்கு எளிது. பழைய படச் சட்டத்தின் அகலமும் உயரமும் கிட்டத்தட்ட 4க்கு 3. டிவி 16க்கு 9. 16 அகலத்துக்கு 12 உயரம் இருக்க வேண்டிய படத்தில் 9தான் மிஞ்சுகிறது, கால்வாசி போச்சு. எதற்காக? பக்கவாட்டில் கறுப்புப் பட்டை தெரியக் கூடாதாம், காசு கொடுத்து வாங்கிய டிவி முழுக்கப் படம் தெரிய வேண்டுமாம். ஓவியத்தைச் சட்டத்துக்கு ஏற்ப யாராவது கத்தரிப்பார்களா? சுவர் இருந்தால்தான் சித்திரம் என்றேனே, இவர்கள் சித்திரம் இருக்கும்போதே சுவரை இடிக்கிறார்கள். அகலத்திரைப் படங்களுக்கும் முன்பு இதே கதிதான்: சதுரமான டிவிக்காக இரண்டு ஓரத்தையும் வெட்டினார்கள், பேசிக்கொள்ளும் இருவரில் ஒருவரின் மூக்கு மட்டும் வந்து போகும்.

அவைத்தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். நிறமும் உடையும் இன்னொரு நாளைக்கு, ஐயா மறுபடி கூப்பிட்டால்.

வாசலில் ஒரு மனு வைத்திருக்கிறேன். பழைய படங்களை எடுத்தபடியே முழு ஃபிரேமில் காட்டுங்கள் என்று சேனல்களையும் ஓடிடி தளங்களையும் கேட்கும் மனு. முதல் கையெழுத்து பெரியப்பாவுடையது, கொஞ்சம் கோபமாகவே போட்டிருக்கிறார். முதல்வர் அம்மா இரண்டாவதாகப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார், நன்றி அம்மா. பேனா இரண்டுதான் இருக்கிறது, போட்டுவிட்டு அங்கேயே வைத்துவிட்டுப் போங்கள். வணக்கம்.