முழங்காலின் முன்பக்கம் ஏன் வலிக்கிறது?

வணக்கம் நேயர்களே. போலீஸ் வேலைக்கான எழுத்துத் தேர்வு முடிவு வந்த சில வாரங்களில் எங்கள் பிசியோதெரபி அறைக்கு இளைஞர் கூட்டம் ஒன்று வரும். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டுமே! மாதக்கணக்கில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தவர்கள், மறுநாளே பள்ளி மைதானத்தில் காலையும் மாலையும் ஓடத் தொடங்கிவிடுகிறார்கள். அப்புறம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கையில் எக்ஸ்ரேயோடு வருவார்கள். "மூட்டு தேஞ்சிருச்சா சார்?" என்பதுதான் முதல் கேள்வி. அந்த வயதில் அநேகமாகத் தேய்ந்திருக்காது. எக்ஸ்ரேயும் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும்.

"எங்கே வலிக்குது, காட்டுப்பா" என்பேன். சிலர் உள்ளங்கையை முழங்கால்மேல் வைத்து வட்டமாகத் தேய்ப்பார்கள். சிலர் ஒற்றை விரலால் சில்லுக்கு, அதாவது முழங்காலின் முன்னால் இருக்கும் வட்ட எலும்புக்கு, கீழே ஒரு புள்ளியைத் தொடுவார்கள். பாதி விஷயம் அதிலேயே பிடிபட்டுவிடும்.

உள்ளங்கை வைப்பவருக்கு வலி பெரும்பாலும் சில்லைச் சுற்றியோ அதன் பின்புறமோ இருக்கும். தொடை எலும்பின் முனையில் உள்ள பள்ளத்தில் மேலும் கீழும் வழுக்கிப் போவது இந்தச் சில்லு. கால் மடங்க மடங்க அதன்மேல் அழுத்தம் ஏறும். சமதரையில் நடக்கும்போது ஏறத்தாழ உடல் எடையில் பாதி. படிகளில் மூன்று மடங்கு. முழுக்கக் குந்தி எழும்போது ஏழெட்டு மடங்குகூடப் போகும். அதனால்தான் மலைக்கோயில் படி இறங்கும்போது சுள்ளென்கிறது. சினிமா முடிந்து எழுந்தால் கால் பிடித்துக்கொள்கிறது. இந்தப் பளுவுக்கு மூட்டு பழகிக்கொள்ளும். ஆனால் மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். அதனால் வருபவர்களிடம் நான் வயதைவிட முக்கியமாகக் கேட்பது, "போன ஒரு மாதத்தில் புதிதாக என்ன செய்தீர்கள்?" என்பதைத்தான்.

இடுப்புத் தசையையும் பார்க்க வேண்டும். வலி தாங்கும் அளவில் இருந்தால், கண்ணாடி முன் ஒரு தாழ்ந்த படியில் ஒற்றைக் காலில் நின்று மெதுவாக முழங்காலை மடக்கிப் பாருங்கள். முழங்கால் கட்டைவிரலையும் தாண்டி உட்பக்கம் சாய்கிறதா? இடுப்பின் பக்கவாட்டுத் தசை தளர்ந்திருப்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒற்றை விரல் வைப்பவர் வாலிபால், கூடைப்பந்து ஆடுபவராக இருந்தால், அடிக்கடி எகிறிக் குதித்ததில் சில்லையும் கீழ்க்கால் எலும்பையும் இணைக்கும் தசைநாண் நொந்திருக்கும். பத்துப் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு அதற்கும் கீழே, எலும்பில் ஒரு மேடு வீங்கி வலிக்கும். வளர்ச்சி நின்றதும் பெரும்பாலும் வலி தானே தணியும்; மேடு மட்டும் தங்கலாம்.

சரி, ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் படுத்துக்கொள்ளலாமா? வேண்டாம். தசை இன்னும் இளைத்துப்போகும். தூரத்தைக் குறையுங்கள், முன்தொடைக்கும் இடுப்புக்கும் பயிற்சி கொடுங்கள். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். மருந்துக்கடையில் வாங்கும் 'நீ கேப்' (முழங்கால் உறை) கொஞ்சம் ஆறுதல் தரலாம், ஆனால் தசைக்குப் பலம் தராது. வலி இல்லாமல் வெறும் 'களுக்' சத்தம் மட்டும் கேட்டால் கவலைப்பட வேண்டியதில்லை.

ஆனால் முழங்கால் வீங்கினாலோ, மடக்கிய கால் மாட்டிக்கொண்டாலோ, காய்ச்சலோடு சிவந்து சூடானாலோ, காலை ஊன்றவே முடியாவிட்டாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். ஒரு பிள்ளை முழங்கால் வலி என்று நொண்டும்போது முழங்காலில் எதுவுமே தெரியாவிட்டால், இடுப்பு மூட்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அங்கே உள்ள கோளாறும் முழங்கால் வலியாகத் தெரிவது உண்டு.